இடப்பக்கப் பிரேக்

ஜனவரி 5, திங்கள். காலை 158/98.

டாக்டர் ஹேமலதா சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. தினமும் காலையில் பிரஷர் பார்த்துக் குறிக்க வேண்டுமாம். எதனால் கோபம் வந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டுமாம். ஒரு நோட்டுப் பத்தாதே டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மார்ச் கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதற்குள் இறங்காவிட்டால் இந்த வேலையையே விட்டுவிட வேண்டியதுதான் என்று முடித்துவிட்டார்.

நோட்டு என்பது டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு டயர் படம்.

இதைத் தொலைத்துவிட்டால் யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதனால் எழுதி வைக்கிறேன். பெயர் வனிதாமணி, வயது நாற்பத்தெட்டு. பொள்ளாச்சியில் மாகாளியம்மன் டிரைவிங் ஸ்கூல் என்னுடையது. பத்தொன்பது வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். ஸ்கூல் காரில் படிக்க வந்தவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். என் காலடியிலும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இந்த ஊரில் எத்தனையோ பேர் தங்கள் சாமர்த்தியத்தால் வண்டி சமயத்தில் நின்றது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தினது நான்.

இன்றைய கோபம்: பேங்க் மேனேஜர் சியாமளா. நாற்பது நாள் ஆயிற்று, கிளட்சை இன்னும் தையல் மெஷின் மாதிரி மிதிக்கிறார். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஆட்டோவைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தாரணிக்குத் தலை பின்னினேன். தோசை மாவு புளித்துப்போயிற்று.

ஜனவரி 7, புதன். 160/100.

ஸ்கூலில் நாலு பழைய கார்கள் நிற்கின்றன. வயசாகிவிட்டது, இனி ரோட்டில் ஓட்ட சர்டிபிகேட் தர மாட்டார்கள். என் வீட்டுக்காரர் தண்டபாணி பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். குடுக்காதீங்கப்பா என்றாள் தாரணி.

தாரணி எங்கள் ஒரே மகள். இருபத்திரண்டு வயது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அப்படி இருக்கிறவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்கிறாள், அந்த நாலு காரை வைத்துப் பந்தயம் விடப் போகிறாளாம். ஆனைமலை ரோட்டில் பத்ரசாமி அண்ணனின் தென்னை நார் மில் மூடிக் கிடக்கிறது. அங்கே நார்த்தூள் காய வைத்த களம் நாலு ஏக்கர், சப்பாத்திக் கல் மாதிரி சமமாக இருக்கிறது. அதில் வட்டமடித்து ஓட்ட வேண்டுமாம். வெளிநாட்டுச் சின்ன ஊர்களில் பழைய கார்களை வைத்து மண் தரையில் இப்படித்தான் ஓட்டுகிறார்களாம், ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிறார்களாம். ரேக்ளா மாட்டுவண்டி ஓடினால் ஊரே திரண்டு வருகிறதே, கார் ஓடினால் வராதா என்று கேட்கிறாள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பந்தயம். கூட்டம் வந்தால் இதையே தொழிலாக வைத்துக்கொள்வாள், ஓசூர் கிடையாது. வராவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பஸ் ஏறிவிடுவாள். இது அவளே போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

தண்டபாணி "செரி கண்ணு" என்றார். அந்த மனுஷனுக்கு மகள் வானத்தை மடித்துத் தா என்றாலும் செரிதான். வேகம் என்பது ஒரு வியாதி, அதை டிக்கெட் போட்டுப் பரப்ப வேண்டாம் என்று நான் சொன்னேன்.

என்னைக் கேட்டால் ஓசூர் நல்ல வேலை. போகட்டும்.

ஜனவரி 8, வியாழன். 162/100.

யாரோடும் பேசவில்லை. உப்புமா.

ஜனவரி 9, வெள்ளி. 159/98.

காலையில் பின்னிக்கொண்டிருக்கும்போது சொல்கிறாள், ஓசூர் போனதும் முடியை வெட்டிவிடுவாளாம். அங்கே யார் பின்னிவிடுவார்கள் என்கிறாள். இடுப்பைத் தாண்டின முடி. சாயங்காலம் மறுபடி பிரஷர் பார்த்தேன். 170. மெஷினில் ஏதோ கோளாறு.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல். 150/94.

எங்களிடம் மாடு இல்லை. தாரணி நாலு காரையும் கழுவி நிறுத்தி, மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயின்டை பம்பருக்கு அடித்துவிட்டாள். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். நாலுக்கும் சாமந்தி மாலை. தண்டபாணி கற்பூரம் காட்டிப் பொங்கலை பானெட்டில் வைத்துப் படைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

கோபத்தில் ஒரு நிபந்தனை போட்டேன். நாலு காரிலும் இடப்பக்கப் பிரேக்கைக் கழற்றக் கூடாது. அந்த சீட்டில் ஆள் உட்காராமல் ஒரு காரும் நகரக் கூடாது. தாரணி ஓட்டுகிற காரில் அந்த ஆள் நான்தான். பந்தயத்தில் எவனாவது இப்படி ஒப்புக்கொள்வானா, இதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால், "செரிம்மா" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் மகள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு. 144/90.

களத்துக்குப் போனேன். சும்மா போகவில்லை, மேற்பார்வைக்கு.

கார்களில் கண்ணாடியெல்லாம் கழற்றியாயிற்று. பின் சீட்டை எடுத்துவிட்டு, கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு வைத்து வெல்டிங் செய்திருக்கிறாள். வளைவுகளில் நார்த்தூள் மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒரே வரிசை. ஒரு வரிசை எப்படிப் பத்தும், மூன்று வரிசை வேண்டும் என்றேன். அம்மா நீ மூட்டையிலேயே வீடு கட்டிருவே என்றாள். தலைக்கவசம், பெல்ட், ஆம்புலன்ஸ், தீயணைக்கிற சிலிண்டர் எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

பிரஷர் இறங்கியிருக்கிறது. முருங்கைக்கீரைச் சூப் வேலை செய்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு. காலை 146/92. மாலை 130/84.

முதல் வெள்ளோட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பச்சைக் காரில் பத்ரசாமி அண்ணனும் அவர் வீட்டுக்கார அம்மா லோகாம்பாளும். களம் எங்களுது, மொதல் கார் எங்களுக்குத்தான் என்று லோகு அக்கா முந்தா நாளே சொல்லி அனுப்பிவிட்டார். நீலக் காரில் சியாமளா. அவர் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். சிவப்புக் காரில் கிணற்றுப் பங்கு விஷயமாக ஆறு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். மஞ்சள் காரில் தாரணி, இடப்பக்கம் நான். இதில் எல்லோருமே என்னிடம் கார் படித்தவர்கள். பார்க்க வந்தவர்கள் பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரிக்கிற பெண்கள் இருபது முப்பது பேர்.

தண்டபாணி தோளில் கிடந்த துண்டை வீசினார். நாலு காரும் ஒன்றாகக் கிளம்பின. புழுதி. எண்ணி எட்டு நொடி. முதல் வளைவு வந்தது. நாலு காரும் நின்றன.

ரயில்வே கேட் போட்ட மாதிரி வரிசையாக நின்றன.

நான் மிதித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற மூன்று காரிலும் இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் அதே நொடியில் மிதித்திருக்கிறார்கள். "வளைவுக்கு முன்னால பிரேக்" என்பது ஸ்கூலில் என்னுடைய முதல் பாடம். அது அவர்கள் காலில் அப்படி ஏறியிருக்கிறது. ஒரு ஆசிரியையாக எனக்கு அந்த இடத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

பத்ரசாமி அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"ஏன்டி மிதிச்சே? மொதல்ல போய்ட்டிருந்தேன்டி நானு."

லோகு அக்கா இறங்கவே இல்லை. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இருபத்தெட்டு வருசமா உங்களுக்குப் பிரேக்குப் போட ஆளில்லாமத்தானுங்க இந்த ஆட்டம் ஆடிட்டிருக்கறீங்க. இன்னிக்குத்தான் என் காலுக்கு எட்டியிருக்குது."

தேங்காய் உரிக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பு ஆழியாறு வரை கேட்டிருக்கும். ஒருத்தி களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அண்ணன் தம்பி சண்டை தொடங்கிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சே நீ ஏன்டா மிதிச்சே என்பதுதான். கணக்கு வாத்தியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிரேக் மேல் இரண்டு காலையும் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். சியாமளா அவரைத் தட்டி எழுப்பினார்.

தாரணி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்துபோய் முகத்தை நிமிர்த்தினால், சிரிப்பு. "அம்மா, ஜனங்க காரைப் பாக்க வர மாட்டாங்க. இதப் பாக்க வருவாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்துச் சுற்று ஓடி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என் பிரேக் முப்பத்தொன்று. தாரணி எண்ணியிருக்கிறாள்.

பிப்ரவரி 4, புதன். 140/88.

நாலு கார் கூரையிலும் சிவப்பு பல்பு வைத்துவிட்டாள். இடப்பக்கப் பிரேக்கை மிதித்தால் அந்த பல்பு எரியும். யார் பயந்தார்கள், எப்போது பயந்தார்கள் என்பது வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கும் தெரிந்துவிடும். இது என் நிபந்தனையை எனக்கே திருப்பி அடிப்பது இல்லாமல் வேறென்ன?

நோட்டீஸ் அடித்துவிட்டாள். "ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் நிறுத்த." ஆனைமலை ரோடு நெடுக ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஸ்கூல் சுவரில் "வேகம் வேண்டாம்" என்று நான் எழுதி வைத்திருக்கிறேனே, அதற்கு நேர் கீழேயும் ஒன்று.

பிப்ரவரி 13, வெள்ளி. 141/90.

அனுமதிக்காக இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனோம். மனுவைப் படித்துவிட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். தாரணிக்கு வியர்த்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது இப்பவும் கண்ணை மூடிக்கறீங்களா சார் என்று நான் மெதுவாகக் கேட்டேன். பக்கத்தில் இரண்டு ஏட்டு நின்றுகொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், கூட்டம் வேலிக்கு உள்ளே வரக் கூடாது, இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு. காலை 138/88. மாலை 126/82.

நாலாவது வெள்ளோட்டம். என் பிரேக் பதினொன்று. லோகு அக்கா பதினேழு. கணக்கு வாத்தியார் எண்ணிக்கையில் வரமாட்டார், அவர் காலை எடுப்பதே இல்லை. பார்க்க முன்னூறு பேர் வந்துவிட்டார்கள். இது வெறும் ஒத்திகை என்று சொன்னாலும் போக மாட்டேன் என்கிறார்கள்.

சூப் நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 3, செவ்வாய். 132/86.

புழுதி அடங்க களத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போயிருந்தேன். யாரும் இல்லை. வட்டத்தை ஒருமுறை நடந்து பார்த்தேன். எல்லோரும் வளைவின் உள்பக்கத்தை ஒட்டியே நுழைகிறார்கள், அதனால் வெளியே வரும்போது வண்டி வெளிப்பக்கம் தள்ளுகிறது. வெளியிலிருந்து நுழைந்து, நடுவில் உள்பக்க மூட்டையை உரசுகிற மாதிரி வந்து, மறுபடி வெளியே விட்டால் மூன்றாவது கியரை மாற்றவே தேவையில்லை. சுற்றுக்கு இரண்டு நொடி மிச்சம்.

எனக்கு எதற்கு இது. தாரணிக்குச் சொல்லலாமே என்று எழுதி வைத்தேன். சொல்ல மறந்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு. 136/86.

லோகு அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார், ஏன் மணி, ஊருக்கே ஓட்டப் பழக்குறே, நீ ஓட்டி நாங்க பாத்ததே இல்லையே என்று. முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலியோடு பிரேக் மட்டும் எப்படி மிதிக்கிறாய் என்றார். வலது முழங்கால் என்றேன். இடப்பக்கம் உட்கார்ந்தாலும் பிரேக் வலது காலில்தானே என்று கணக்கு வாத்தியார் சந்தேகம் கேட்டார். அந்த ஆளுக்கு வாய் திறக்க வேறு நேரமே கிடைக்கவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது, காபி போட வேண்டும் என்று நகர்ந்துவிட்டேன்.

தண்டபாணி என்னைப் பார்த்தார்.  ஏன் ஓட்டுவதில்லை என்று பதினோரு வருஷமாகவே அவர் கேட்டதில்லை.

மார்ச் 17, செவ்வாய். 148/94.

ஓசூரிலிருந்து மறுபடி மெயில் வந்திருக்கிறது, சேருகிறீர்களா இல்லையா என்று. பந்தயம் முடியட்டும் என்கிறாள். அவள் பெட்டியைப் பரண்மேல் இருந்து நானே இறக்கித் துடைத்து வைத்தேன். வெயிலில் காய வைத்தேன். பிறகு மறுபடி பரண்மேலேயே ஏற்றிவிட்டேன், நாப்தலீன் வாசம் போகவில்லை.

மார்ச் 28, சனி. பார்க்கவில்லை.

நாளைக்குப் பந்தயம். ஆயிரத்து எண்ணூறு டிக்கெட் போய்விட்டது. ரேக்ளாவுக்கு மைக் பிடிப்பவரே வருகிறார். தாரணி காலையிலிருந்து மூட்டை தூக்குகிறாள், மூன்றாவது வரிசைக்கு. மாலை வெயில் சாய்கிற நேரம். நான் மஞ்சள் காரின் இடப்பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எதனால் கோபம் என்று எழுதச் சொன்னார் டாக்டர். எழுதிவிடுகிறேன்.

தாரணிக்குப் பதினோரு வயசு. ஆழியாறு ரோடு. எங்கள் சொந்தக் கார், அதில் இடப்பக்கம் பிரேக் கிடையாது. அவள்தான் அந்த சீட்டில் இருந்தாள். முன்னால் ஒரு பஸ். அம்மா முந்தும்மா என்றாள். குழந்தை சொன்னதற்காக முந்தினேன் என்று இத்தனை நாள் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கே ஆசை. எனக்கு வேகம் அவ்வளவு பிடிக்கும். முந்தினேன், முந்திய சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், அடுத்த வளைவை அந்தச் சிரிப்போடுதான் எடுத்தேன். மண்ணில் சக்கரம் வழுக்கிற்று. இடப்பக்கமாகப் போய்ப் புளியமரத்தில் மோதினோம். எனக்கு ஒரு கீறல் இல்லை. அவள் இடது முழங்கை இரண்டு ஆப்பரேஷனுக்குப் பிறகும் முழுசாக மடங்கவில்லை. கனம் தூக்குவாள், கியர் போடுவாள், தலைக்குப் பின்னால் மட்டும் கொண்டுபோக முடியாது. அதனால்தான் நான் பின்னிவிடுகிறேன்.

அன்றிலிருந்து நான் வலப்பக்கம் உட்காரவில்லை. மோதினால் இடப்பக்கம் நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு. பார்க்க நேரமில்லை.

காலையில் தலை பின்ன உட்கார்ந்தவள் முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டுத் துணியைச் சுற்றியிருந்தாள். நேற்று மூட்டை தூக்கியதில் வீங்கிவிட்டதாம். அவிழ்த்துக் காட்டு என்றேன். பத்துக் காயட்டும்மா என்றாள். களத்துக்குப் போகிற வரை வேறொன்றும் சொல்லவில்லை.

களத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தலை. கரும்புச் சாறு, ஐஸ், பஜ்ஜிக் கடை எல்லாம் தானாக முளைத்திருந்தன. மூன்று மணி. பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் கோட்டில் வந்து நின்றுவிட்டன. மைக் பிடிப்பவர், அடுத்து வருகிறது மஞ்சள், அம்மாவும் மகளும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அப்போதுதான் சொல்கிறாள், கியர் போட முடியவில்லையாம்.

அப்பா ஓட்டட்டும் என்றேன். அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே முப்பதைத் தாண்டினதில்லை, போதாததற்குத் துண்டு வீச வேறு ஆள் இல்லை. அப்படியானால் மஞ்சளை நிறுத்திவிடலாம் என்றேன். நாலு கார் ஓடும் என்று டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறது, முதல் பந்தயத்திலேயே ஊரை ஏமாற்றினால் இரண்டாவது பந்தயத்துக்கு யார் வருவார்கள் என்றாள். அது நியாயம்தான். மூட்டை மூன்று வரிசை கேட்டது நான், கை வீங்கியது அதனால். அதுவும் நியாயம்.

வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

முழங்கால் என்று தொடங்கினேன். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். பிறகு வாயில் வேறொன்றும் வராமல், என்னால முடியாது கண்ணு, அந்தச் சீட்டுல உன்னை வெச்சுட்டு என்னால முடியாது என்றேன். சத்தமாக இல்லை. கூட்ட இரைச்சலில் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அம்மா, அன்னிக்கு அந்த பஸ்ஸ முந்துனப்ப நீ சிரிச்சே பாரு. எனக்கு அதுதான் ஞாபகம் இருக்குது. மரம் ஞாபகமே இல்ல."

நான் திறந்திருந்த கதவின் மேல் கையை வைத்தேன்.

"அந்தச் சிரிப்ப அப்புறம் நான் பாக்கவே இல்ல. ஏறும்மா."

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. ஸ்டியரிங்கை ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தேன். தாரணி சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினாள். தலைக்கவசம் மாட்டினாள், பெல்ட் போட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டில் மடக்கி, பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிரேக்கும் கிளட்சும் கீழே சும்மா கிடந்தன.

காலைக் கீழே போடு என்றேன். கேட்காத மாதிரி முன்னால் பார்த்தாள்.

தண்டபாணி துண்டை வீசினார்.

முதல் நாலு சுற்று நான் ஓட்டியது ஸ்கூல் ஓட்டம். வளைவுக்கு முன்னால் பிரேக், கண்ணாடியே இல்லாத இடத்தில் கண்ணாடி பார்ப்பது எல்லாம் செய்தேன். கடைசியாக வந்துகொண்டிருந்தோம். தேங்காய் உரிக்கிற பெண்கள் மணியக்கா மணியக்கா என்று கத்தினார்கள். ஐந்தாவது சுற்றில், வெளியிலிருந்து நுழைந்தால் என்ன என்று தோன்றியது. நுழைந்தேன். மூட்டையை உரசிக்கொண்டு வந்தது வண்டி, மூன்றாவது கியர் மாறவே இல்லை. அவள் பக்கம்தான் மூட்டை. ஓரக்கண்ணால் பார்த்தேன். சம்மணம் கலையவில்லை. ஆறாவது சுற்றில் சிவப்பைத் தாண்டினோம், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது வரை பத்ரசாமி அண்ணன் வழி விடவில்லை. கடைசிச் சுற்று, கடைசி வளைவு. அவர் கூரையில் சிவப்பு பல்பு எரிந்தது. லோகு அக்காவின் கால். அந்த ஒரு நொடி எனக்குப் போதும். உள்ளே புகுந்து அவரைத் தாண்டினேன்.

அப்போது ஏதோ ஒரு சத்தம் கேட்டது. என் சத்தம்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தாரணி ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதாக வந்தோம். முதலில் வந்தது சியாமளா. கணக்கு வாத்தியார் பயத்தில் கண்ணை மூடி இரண்டு காலையும் மிதித்திருக்கிறார், ஆனால் இந்த முறை கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல் தரையை மிதித்திருக்கிறார். மைக் பிடிப்பவர் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

தண்டபாணி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "மஞ்சளுக்கு லைட்டு ஒரு தடவகூட எரியல மணி" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதி அதிகம் என்றார். எனக்கும் அழுகை வந்தது, நானும் புழுதி என்றே சொன்னேன்.

மார்ச் 30, திங்கள். 128/82.

டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். சனிக்கிழமைப் பக்கத்தைப் பின் போட்டு மூடியிருந்தேன். அவர் எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் குறைகிறதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நடைப்பயிற்சி என்றேன். அப்படியா என்று எழுதிக்கொண்டார். அதையே தொடருங்கள், வேலையை விட வேண்டாம் என்றார். கதவு வரை வந்த பிறகு, நேத்து நாங்க பஜ்ஜிக் கடைப் பக்கம்தான் நின்னுட்டிருந்தோம், அடுத்த பந்தயத்துக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு கார் கிடைக்குமா, நான் இடப்பக்கம் என்றார்.

மார்ச் 31, செவ்வாய். 122/80.

நாளைக்கு ஓசூரில் சேர வேண்டிய நாள். வரவில்லை என்று நேற்றே மெயில் போட்டுவிட்டாளாம். எனக்கு இன்று காலைதான் சொன்னாள். நல்ல வேலை, போயிருக்கலாம் என்றேன். பிறகு ரவையை வறுத்துக் கேசரி செய்தேன். ரவை வண்டு விழுகிற மாதிரி இருந்தது, அதனால்.

கேஸ்காரர் வாசலில் கூப்பிட்டார். தாரணி உள்ளே போய்க் காலி சிலிண்டரை எடுத்து வந்தாள். ஒரே கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, வாசல் வரை கொண்டுபோய் வைத்தாள். இடது கை. துணியும் இல்லை, பத்தும் இல்லை, வீக்கமும் இல்லை.

திரும்பினவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். உடனே முழங்கையைத் தடவத் தொடங்கினாள்.

வலிக்கிறதா என்று கேட்டேன். லேசா என்றாள்.

 உட்காரவைத்துத் தலை பின்னினேன். இன்று கொஞ்சம் இறுக்கியே பின்னினேன். ஆ என்றாள். அந்த வலி மட்டும் நிஜம்.